இரணியனின் பல்செட்

“பல்லைக் காணோம் சார்” என்றது தொலைபேசியில் வந்த பெண்குரல்.

துப்பறியும் கண்ணுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எப்போதுமே நிமிர்ந்துதான் உட்காருவார். நாற்காலிக்கு முதுகு இருப்பது முதுகு இல்லாதவர்களுக்காக என்பது அவருடைய கட்சி.

“யாருடைய பல்?”

“எங்க வீட்டுக்காரர் பல். மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும்.”

“அடிதடியா?”

“இல்ல சார், பல்செட்டு. கழற்றி டப்பாவுல வெச்சிருந்தார். டப்பாவோட காணோம். சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம். அவர்தான் இரணியன்.”

எதிரே உட்கார்ந்து பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த பாண்டிராஜ் காதைத் தீட்டினான். நாற்பது வயது, இரண்டு பெண்களுக்குத் தகப்பன், கண்ணுச்சாமிக்கு ஒன்பது வருட உதவியாளன். வாயை மூடி வைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

“அண்ணே, ஒரே வீட்ல முப்பத்திரண்டு பேரு காணாமப் போயிருக்காங்கெ. பெரிய கேஸுண்ணே.”

“வண்டியை எடு” என்றார் கண்ணுச்சாமி.

*

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, மலையின் முதுகு தெரியும் இடத்தில் இருந்தது மீனலோசனி நகர். எண்பது வீடுகள். ஒவ்வொரு புரட்டாசியிலும் நவராத்திரியின் ஒன்பது நாளும் அங்கே குடும்ப விழா. கோலப் போட்டி, உறியடி, தம்பதியருக்கு எலுமிச்சை ஸ்பூன், அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு மெதுசைக்கிள் பந்தயம். சரஸ்வதி பூஜையன்று மாலை நிறைவு நிகழ்ச்சி, ‘இரணிய வதம்’ நாடகம். இரணியனாக முப்பத்து மூன்று வருடங்களாக ஒரே ஆள்தான். சௌரிராஜன், வயது எழுபத்து நான்கு. கீழமாசி வீதியில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. விழாச் செயலாளர் நல்லகாமன் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார்.

“மெதுசைக்கிள் பந்தயம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. போட்டியாளர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். பொதுமக்கள் பொறுமை காக்கவும்.”

சௌரிராஜன் கூடத்தில் ஊஞ்சலில் அமர்ந்திருந்தார். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், மீசையில் மை. வாய் மட்டும் உள்வாங்கி, கடை அடைத்த தெரு மாதிரி இருந்தது. நேற்று மாலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பல் இல்லாத வாயால் பேசி யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்க அவர் இடம் தரமாட்டார். அதில் கண்ணுச்சாமிக்கு அவர்மேல் உடனே மரியாதை பிறந்தது. கேள்விகளுக்கு எல்லாம் விழா நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

“எப்போது கழற்றினீர்கள்?”

‘நேற்று மாலை ஐந்து. நாலரைக்கு முறுக்கு தின்றேன். சாட்சி உண்டு.’

“எதில் வைத்தீர்கள்?”

‘எவர்சில்வர் டப்பா.’

பாண்டிராஜ் எட்டிப் பார்த்தான். “கையெழுத்துக்கே பல்லு இருக்குண்ணே.”

மருமகன் உமேஷ் காபி கொண்டுவந்து வைத்தான். வங்கியில் வேலை. நாடகத்தில் அவன்தான் நரசிம்மம்.

“இரணியனுக்குப் பல் இல்லையென்றால் நரசிம்மத்துக்கு லாபமா?” என்று கண்ணுச்சாமி பட்டென்று கேட்டார்.

உமேஷ் பதறிவிட்டான். “சார், கல்யாணமாகி ஆறு வருசம் ஆகுது. மாமாவை மடியில போட்டுக் கிழிக்க வருசத்துக்கு ஒரு நாள்தான் எனக்கு அனுமதி. அந்த நாளை நானே கெடுத்துக்குவேனா?”

“மறுக்க முடியாத நியாயம்ணே” என்றான் பாண்டிராஜ். “எனக்கே அப்படி ஒரு நாள் கெடைச்சா விடமாட்டேன்.”

உமேஷ் மாமனார் பக்கம் திரும்பினான். “மாமா, கடைசி நேரத்துல பல்லு கிடைக்கலைன்னா வேற யாரையாவது நிறுத்தணும். வசனத்தை மட்டும் எழுதிக் குடுங்க. ரெண்டு மணி நேரத்துல யாராவது மனப்பாடம் பண்ணிடுவாங்க.”

சௌரிராஜன் பேனாவை எடுத்தார். ‘அடேய் பிரகலாதா!’ என்று எழுதினார். பேனா நின்றது. நோட்டீஸைப் புரட்டினார், மீண்டும் புரட்டினார். பிறகு, ‘இது எழுதி வைக்கிற வசனம் அல்ல. என் வாயோடு வந்தது. என் வாயோடுதான் போகும்’ என்று அழுத்தமாக எழுதி, பேனாவை மூடிவிட்டார்.

கண்ணுச்சாமி அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

*

சௌரிராஜனின் மனைவி சூடாமணி அவர்களைக் கொலு அறைக்கு அழைத்துப் போனாள். ஒல்லியான உருவம், பெரிய மூக்குத்தி, எதையும் இரண்டு முறை சொல்லாத குரல். தொலைபேசியில் பேசியவள் அவள்தான்.

“தாம்பூலத்துல வெச்சுக் குடுக்க முப்பது டப்பா வாங்கினேன் சார். உள்ள கல்கண்டு போட்டு, இந்த மேஜை மேல அடுக்கி வெச்சேன். நேத்தோட முப்பது பேர் வந்து வாங்கிட்டுப் போயாச்சு.”

“இங்கே ஒரு டப்பா இருக்கிறதே?”

“அதான் சார். முப்பது குடுத்தும் ஒண்ணு மிஞ்சுது.”

கண்ணுச்சாமி அதைத் திறந்தார். உள்ளே கல்கண்டு. “அப்படியானால், முப்பது பேரில் ஒருவர் கையில் கல்கண்டுக்குப் பதிலாகப் பல் போயிருக்கிறது.”

“அவர் டப்பாவும் அதே டப்பாதான் சார். போன வருசம் மிஞ்சினது.”

பாண்டிராஜ் சுவரில் சாய்ந்துகொண்டான். “அண்ணே, ஒண்ணு இடிக்குது. டப்பாவத் தொறந்து பாத்தா சிரிச்சுக்கிட்டு ஒரு பல்செட்டு. அந்தம்மா போட்ட சத்தத்துக்கு மலைமேல இருக்கிற குரங்கெல்லாம் எறங்கி வந்திருக்கணுமே? ஒரு சத்தத்தையும் காணமே?”

“நல்ல கேள்வி” என்றார் கண்ணுச்சாமி. அவர் பாராட்டுவது அபூர்வம். “அலறல் கேட்கவில்லை. ஆகவே டப்பாவைத் திறக்கவில்லை. தாம்பூலத்தில் வந்த டப்பாவை ஒரு வீட்டில் ஏன் திறக்க மாட்டார்கள்?”

சூடாமணி மூக்குத்தியைச் சரிசெய்தாள். பாண்டிராஜ் வெளிப்படையாகச் சிரித்தான்.

“அடுத்த வீட்டுக்கு அப்படியே தள்ளிவிடத்தேன்!”

“ஐந்து மணிக்குப் பிறகு வந்தவர்கள் யார்?”

“ரெண்டு பேர்தான். மாதங்கி, அப்புறம் சாவித்ரி மாமி. மாதங்கி கல்கண்டைத் தின்னுக்கிட்டே போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்புல நன்றின்னு போட்டுட்டா.”

“சாவித்ரி?”

“வாட்ஸாப்புல ஒண்ணும் போடல” என்றாள் சூடாமணி, தரையைப் பார்த்தபடி.

*

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் பிச்சுமணியின் மனைவி சாவித்ரி வாசலிலேயே நின்று பதில் சொன்னாள்.

“எங்காத்துல வந்ததை இன்னொருத்தருக்குக் கொடுக்கற வழக்கமே கிடையாது. எங்க அப்பா தாசில்தார். நாங்க அப்படி வளர்ந்தவா இல்லை.”

“சந்தேகமே இல்லை அம்மா” என்றார் கண்ணுச்சாமி, தலை வணங்கி. “டப்பாவைக் காட்டினால் உடனே போய்விடுவோம்.”

சாவித்ரி உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். “இதோ, சூடாமணி கொடுத்தது. போறுமா?”

பாண்டிராஜ் அதை வாங்கிப் புரட்டினான். அடியில் எழுத்து வெட்டியிருந்தது. சத்தமாகப் படித்தான்.

“‘பிச்சுமணி சாவித்ரி சஷ்டியப்தபூர்த்தி, 2014.’ மாமி, இது உங்க வீட்டு அறுபதாம் கல்யாணத்துல நீங்க குடுத்ததுல்ல?”

உள்ளேயிருந்து பிச்சுமணியின் குரல் மட்டும் வந்தது. “என்னது, திரும்பி வந்துடுத்தா?”

“எத்தனை வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சோ” என்றான் பாண்டிராஜ். “பத்து வருசத்துக்கு மேல டூட்டி பாத்திருக்கு மாமி. பென்ஷன் குடுத்து உக்கார வைங்க.”

கண்ணுச்சாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அம்மா, எந்த வீட்டுப் பெயரும் என் வாயிலிருந்து வெளியே வராது. சூடாமணி அம்மாள் கொடுத்தது இப்போது எங்கே?”

சாவித்ரி தெருவின் இருபுறமும் பார்த்தாள். “காலம்பற ஹம்சவேணி வெத்தலைபாக்குக்குக் கூப்பிட்டா. வெறுங்கையோட போக முடியுமா? அவளுக்குக் கொடுத்துட்டேன். பையோட அப்படியே. அவ எனக்குக் கொடுத்ததுதான் இந்தக் கண்றாவி.”

*

ஹம்சவேணி பள்ளித் தலைமையாசிரியை. வீட்டில் எல்லாம் வரிசை. செருப்புகள் வரிசை, கொலு பொம்மைகள் வரிசை. கூடத்துச் சுவரோரம் பதினாறு தாம்பூலப் பைகளும் ஒரே மாதிரி மஞ்சள் நிறத்தில், பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றன.

“எல்லாமே சாயங்காலம் வர்றவங்களுக்கு நானே வாங்கினது” என்றாள் அவள். குரல் உறுதியாக இருந்தது. காது மடல் சிவந்தது.

பாண்டிராஜ் கிசுகிசுத்தான். “அண்ணே, பதினாறையும் தொறந்து பாத்துருவமா?”

“ஒரு மரியாதையான வீட்டில் பையைக் கொட்டிச் சோதிப்பதா? அதைவிட நான் தொழிலை விட்டுவிடுவேன்.”

கண்ணுச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையின் முன்னால் நடந்தார். போனார், வந்தார். பிறகு குனியாமலே ஒரு பையைச் சுட்டினார்.

“அது.”

“எப்படிண்ணே?”

“நேற்று தூறல் போட்டது. ஊரில் உள்ள எறும்பெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நவராத்திரியில் எந்தத் தாம்பூலப் பையிலும் ஏதாவது ஓர் இனிப்பு இருக்கும். பார், பதினைந்து பைக்கும் எறும்பு சாரை சாரையாகப் போகிறது. இந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது.”

பாண்டிராஜ் மண்டியிட்டு எறும்புகளை உற்றுப் பார்த்தான். “ஆமாண்ணே. ஒரு எறும்பு கிட்ட வந்துட்டுத் திரும்பி ஓடுது. பயந்துருச்சு போல.”

ஹம்சவேணி எதுவும் கேட்காமல் பையைக் கொடுத்தாள். கண்ணுச்சாமியும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். கண்ணியமானவர்கள் இப்படித்தான் கொடுக்கல் வாங்கலை முடிப்பார்கள்.

மாடிப்படி வளைவில் நின்று டப்பாவைத் திறந்தார்கள். இரண்டு வரிசையும் இருந்தன. வெள்ளை வெளேரென்று, ஊதா நிறத் துணியில் சுற்றி.

“ஜெயிச்சிட்டம்ணே!” என்று பாண்டிராஜ் குதித்தான். “மணி நாலுதேன் ஆகுது. குடுத்துட்டு உறியடி பாக்கப் போவம்.”

கண்ணுச்சாமி குதிக்கவில்லை. முகம் இறுகியிருந்தது.

“பல்செட்டை எதில் போட்டு வைப்பார்கள், பாண்டிராஜ்?”

“தண்ணியில.”

“இதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. துடைத்து, ஆடாமல் சத்தம் போடாமல் இருக்க நாலு மடிப்புத் துணியில் சுற்றியிருக்கிறது. துணியின் ஓரத்தைப் பார்.”

ஓரம் வாள்பல் போல நெளிநெளியாக வெட்டப்பட்டிருந்தது.

“சாம்பிள் துணி வெட்டுற கத்திரிண்ணே. சேலைக்கடைக்காரங்க வெச்சிருப்பாங்க.” சொல்லிக்கொண்டே வந்த பாண்டிராஜ் பாதியில் நின்றான். “அண்ணே... இது கை தவறிப் போன பல்லு இல்ல. அனுப்பி வெச்ச பல்லு.”

“ஆமாம்” என்றார் கண்ணுச்சாமி. “வழியனுப்பியவர் இப்போது ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார்.”

*

சமுதாயக் கூடத்தின் ஒப்பனை அறையில் சௌரிராஜன் தனியாக இருந்தார். எதிரே மேஜைமேல் அட்டைக் கிரீடம், கதாயுதம். கண்ணுச்சாமி கதவைச் சாத்தினார். டப்பாவை மேஜைமேல் வைத்து, ஊதாத் துணியை அதன்மேல் விரித்தார். பாண்டிராஜ் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு மூலையில் நின்றான்.

சௌரிராஜன் துணியைப் பார்த்தார். நோட்டீஸை எடுக்கவில்லை. பற்களை எடுத்து வாயில் பொருத்தினார், உதட்டைத் துடைத்தார், நேராக நிமிர்ந்தார். அப்புறம்தான் பேசினார்.

“டப்பாவா, கத்திரியா, துணியா? எது காட்டிக் குடுத்துச்சு?”

“எல்லாம்தான். ஆனால் முதலில் உங்கள் பேனா. ‘அடேய் பிரகலாதா’ என்பதற்குமேல் அது நகரவில்லை.”

வெளியே நல்லகாமன், மெதுசைக்கிள் பந்தயத்தில் இருவர் மட்டும் எஞ்சியிருப்பதாக அறிவித்தார்.

“போன செவ்வாக்கிழமை” என்றார் சௌரிராஜன். “ஒத்திகைக்கு முன்னால சும்மா நின்னு சொல்லிப் பாத்தேன். வரல. முப்பத்து மூணு வருசமா மூச்சு மாதிரி வந்தது, வரல. நாலு நாள் பாத்தேன். ஒரு அடி வருது, மறு அடி போயிடுது. எண்பது குடும்பத்துக்கு முன்னால இரணியன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கலாமா? பல்லு இல்லைன்னா ஊரு பாவம்னு சொல்லும். வசனம் மறந்துட்டார்னா, போச்சு. அதுக்கப்புறம் நான் சாவியைத் தேடினாக்கூட ஒரு மாதிரி பாப்பாங்க.”

“அதுக்காகப் பல்ல ஊருக்கே சுத்த விடுறதாங்கய்யா?” பாண்டிராஜால் பொறுக்க முடியவில்லை. “யாராச்சும் தொறந்திருந்தா?”

சௌரிராஜன் அவனைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, நான் இந்தக் காலனியில முப்பத்தஞ்சு வருசமா இருக்கேன். சாவித்ரி எதையும் தொறக்க மாட்டா. டப்பா வீடு வீடாப் போகும். அடுத்த நவராத்திரிக்குத் தானா என் வீட்டுக்கே திரும்பி வந்திரும்.”

இந்தத் திட்டத்தில் கண்ணுச்சாமியால் ஒரு குறையும் காண முடியவில்லை.

“நான் இருபத்திரண்டு வருடமாகத் துப்பறிகிறேன்” என்றார் அவர். “கண்டுபிடிக்க முடியவில்லை என்று எந்த வீட்டு வாசலிலும் நான் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். டப்பா உங்களிடமே இருக்கட்டும்.”

சௌரிராஜன் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணுச்சாமி அதைப் பார்க்காததுபோல் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார்.

*

சூடாமணி படியருகே காத்திருந்தாள். கையில் ஒரு டம்ளர் பால்.

“அம்மா” என்று கண்ணுச்சாமி தொடங்கினார். பழக்கமில்லாத வார்த்தை. “பல் கிடைக்கவில்லை.”

“ஹம்சவேணி வீட்ல இல்லையா?”

கண்ணுச்சாமி திகைத்தார். ஹம்சவேணியின் பெயரை அவர் இவளிடம் சொல்லவே இல்லை.

“சாவித்ரி மாமி எப்பவும் அவளுக்குத்தான் தள்ளுவா சார். நேத்து இவர் சாம்பிள் கத்திரியை எடுத்தப்போ கதவிடுக்கு வழியா நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். டப்பாவை மேஜையில முன்னால நகர்த்தி வெச்சார். நான்தான் எடுத்து சாவித்ரி கையில குடுத்தேன்.”

“தெரிஞ்சேவா?” என்றான் பாண்டிராஜ்.

“ஒரு வாரமாக் குளியலறையில ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்கார். எனக்குக் காது கேக்காதா?”

“அப்புறம் எதுக்கம்மா எங்களக் கூப்புட்டீங்க? நீங்களே போயி வாங்கிட்டு வந்திருக்கலாமே?”

“நான் எடுத்துக் குடுத்தா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிரும்.” பால் ஆறிவிட்டதா என்று டம்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “வெளி ஆளு யாராவது கண்டுபிடிச்சு, மேடையில ஏத்திவிடணும். இந்த வருசம் ஏறலைன்னா, இனிமே ஏறமாட்டார் சார். ஊஞ்சலைவிட்டே எறங்கமாட்டார்.”

பாண்டிராஜ் கண்ணுச்சாமியின் காதில் சொன்னான். “அண்ணே, இந்தக் கேஸ்ல உண்மை தெரியாத ஒரே ஆளு துப்பறிய வந்த நாமதேன்.”

கண்ணுச்சாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “அம்மா, அந்த வசனம் வேறு யாருக்காவது தெரியுமா?”

“முப்பத்து மூணு வருசம் அடுப்படியில நின்னு கேட்டவளுக்குத் தெரியாதா?” என்றாள் சூடாமணி. அங்கேயே, படியில் நின்றபடி, கையில் பாலோடு ஆரம்பித்தாள். “‘அடேய் பிரகலாதா! மூவுலகும் என் பெயர் சொல்லி முடங்கிக் கிடக்க, நீ மட்டும் எவன் பெயர் சொல்லி முழங்குகிறாய்?’”

பாண்டிராஜ் ஓரடி பின்வாங்கினான்.

*

இரணியனின் அரண்மனைத் தூண் ஒட்டுப்பலகையில் செய்து தங்கத்தாள் ஒட்டியது. உள்ளே ஓர் ஆள் வசதியாகவும், இரண்டு பேர் வருத்தத்தோடும் நிற்கலாம். தூணுக்குள்ளிருந்து பாண்டிராஜ் வசனம் எடுத்துக் கொடுப்பான் என்று கண்ணுச்சாமி சௌரிராஜனிடம் சொல்லியிருந்தார். வெளி ஆள் என்பதால் அவர் சம்மதித்தார். உண்மையில் உள்ளே போனது சூடாமணி.

கடைசி நிமிடத்தில் எதிர்ப்பு வந்தது. சிங்க முகமூடியோடு உமேஷ் தூணுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தான்.

“சார், அத்தை முன்னால நான் உக்காந்ததுகூட இல்லை. ஒரே தூணுக்குள்ள எப்படி சார் இடிச்சுக்கிட்டு நிக்கிறது?”

“நரசிம்மம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும்” என்று கண்ணுச்சாமி தீர்ப்பளித்தார்.

ஆறு மணிக்குத் திரை விலகியது. எண்பது குடும்பங்களும் இருந்தன. சௌரிராஜன் கிரீடத்தோடு நடந்து வந்தார். பல் பளிச்சிட்டது. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

“அடேய் பிரகலாதா!”

கூரை அதிர்ந்தது. முதல் காட்சி முழுக்க வசனம் ஆறாய் ஓடியது. பக்கத்திரையில் நின்ற பாண்டிராஜ், “எல்லாம் ஞாபகம் இருக்கேண்ணே!” என்றான். அவன் சொல்லி முடிக்கவும் தூண் காட்சி வரவும் சரியாக இருந்தது. இரணியன் கதாயுதத்தை ஓங்கி, வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

தூணுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. “சொல்லடா மகனே...”

சௌரிராஜனுக்கு அது காதில் விழவில்லை. தூணுக்குள் சூடாமணி கொஞ்சம் குரலை உயர்த்தினாள். நரசிம்ம கர்ஜனைக்காக உள்ளே ஒரு மைக் பொருத்தியிருந்ததை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். நல்லகாமன் மறக்கவில்லை. குறித்த நேரத்தில் அதைப் போட்டுவிட்டார்.

“‘சொல்லடா மகனே! இந்தத் தூணில் இருக்கிறானா உன் அரி?’ன்னு கேளுங்க!”

எட்டு ஒலிபெருக்கியிலும் பெண்குரல். அதிலும், கேளுங்க என்ற மரியாதையோடு.

கூட்டம் உறைந்தது. பிரகலாதன் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றான். பாண்டிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். “போச்சுண்ணே.”

சௌரிராஜன் தூணைப் பார்த்தார். முகத்தில் ஒன்று வந்து, ஒன்று போயிற்று. கண்ணுச்சாமியின் விரல்கள் பக்கத்திரையை இறுகப் பிடித்தன. பிறகு இரணியன் கதாயுதத்தைத் தோளில் சாய்த்தான். எந்த வருடமும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டான்.

“ஏ தூணே! என் அரண்மனையில் எனக்கே எடுத்துக் கொடுக்கும் நீ யார்?”

“முப்பத்து மூணு வருசமாக் கேட்டுக்கிட்டே நிக்கிற தூணு” என்றது தூண்.

கூடம் வெடித்தது. விசில் பறந்தது. மாதங்கி நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாள். இரணியன் சிரித்தான். அது நாடகச் சிரிப்பு அல்ல. பல்செட் தெறித்துவிடுமோ என்று பாண்டிராஜ் பயந்தான்.

இனி அவன் கதாயுதத்தால் தூணை அறைய வேண்டும். நரசிம்மம் பிளந்துகொண்டு வர வேண்டும். சௌரிராஜன் கதாயுதத்தை ஓங்கினார். பின்னர் மெல்ல இறக்கினார். மீண்டும் ஓங்கினார்.

“அடிங்க” என்றது தூண், மைக்கில்.

“மாட்டேன்” என்றான் மூவுலகை ஆண்ட இரணியன்.

அவர் கதாயுதத்தைத் தரையில் வைத்தார். தூணருகே போய், நெற்றியைத் தங்கத்தாளில் சாய்த்து, வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். அதுவும் மைக்கில் போயிற்று. கூட்டத்தில் பாதிப் பேர் அவரைப்போலவே சௌராஷ்டிரர்கள். அவர்கள் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்கள். மீதிப் பேர், “என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு?” என்று பக்கத்து நாற்காலியைக் குடைந்தார்கள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அவர் விரல் முட்டியால் தூணை இரண்டு தட்டுத் தட்டினார், வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல். தூண் திறந்தது. முதலில் சூடாமணி வந்தாள். அவளுக்குப் பின்னால், மாமியாரை முந்திக்கொண்டு போகத் துணியாமல், சிங்க முகமூடியைக் கையில் இடுக்கியபடி நரசிம்மம் வந்தது. மீனலோசனி நகரில் அந்த வருடம் இரணியன் சாகவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் நல்லகாமன் மைக்கோடு பக்கத்திரைக்கு ஓடிவந்தார்.

“கண்ணுச்சாமி சார், ஊரே கேக்குது. பல்லு கிடைச்சிருச்சு, சந்தோஷம். எடுத்தது யாரு?”

மேடையில் சௌரிராஜனும் சூடாமணியும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணுச்சாமி மைக்கை வாங்கினார்.

“தெரியவில்லை. என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.”

“உங்களாலயா?”

“என்னால்தான்.”

நல்லகாமன் ஏமாற்றத்தோடு மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கண்ணுச்சாமியும் பாண்டிராஜும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள், எட்டு ஒலிபெருக்கியும் ஒன்றாய் முழங்கின.

“அன்பான பொதுமக்களே! மதுரையின் பிரபல துப்பறிவாளர் கண்ணுச்சாமி அவர்கள், நமது காலனியின் பல்செட் வழக்கில் முழுத் தோல்வி அடைந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவருடைய முயற்சிக்குப் பொன்னாடை போர்த்தப்படும்.”

தெரு முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறியடிக்கு நின்ற பையன்கள் விரலை நீட்டிச் சிரித்தார்கள்.

பாண்டிராஜுக்குக் காது சுட்டது. “அண்ணே, ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேண்ணே. உண்மைய வேணாம், சும்மா எதையாச்சும் சொல்றேன். இம்புட்டுப் பேரு சிரிக்கிறாங்கெண்ணே.”

“காதில் விழுந்தது” என்றார் கண்ணுச்சாமி. “முதுகை நிமிர்த்தி நட.”

பாண்டிராஜ் நிமிர்ந்தான். பழக்கமில்லாததால் இடுப்பில் எங்கோ பிடித்துக்கொண்டது. இருந்தாலும் வண்டி நின்ற இடம்வரை அப்படியே நடந்தான்.